உழவு இயந்திரப் பெட்டிக்கு ஏற்ற பதிவு நிறையைத் தெரிவு செய்தல்

கமத்தொழிலில் உழவும் விதைப்பும் எவ்வளவு முக்கியமானவையோ, அவ்வளவு முக்கியமானது பாரம் ஏற்றி இறக்கும் வேலையுமாகும். விதைநெல்லும் உரமும் வயலுக்குச் செல்லல் வேண்டும். விளைந்த நெல் களத்துக்கும் ஆலைக்கும், மரக்கறி சந்தைக்கும் சேர்தல் வேண்டும். முற்காலத்தில் இவ்வேலைகள் யாவற்றையும் மாட்டுவண்டியே செய்தது. பாரம் மிகுந்தால் மாடு நின்றுவிடும். இரண்டு மூடைகளை இறக்கிய பின்னரே வண்டி நகரும். ஆதலால் ஏற்றத்தகும் அளவை மாடே காட்டிற்று. உழவு இயந்திரமோ அவ்வாறு காட்டுவதில்லை. தாழ்ந்த கியரில் இட்டால் அளவுக்கு மிஞ்சிய பாரத்தையும் அது இழுத்துச் செல்லும். அப்பாரத்தை நிறுத்த இயலாது என்பது குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவிலேதான் தெரியவரும். அப்பொழுது மூடையை இறக்குவதற்கு நேரமிராது.

ஆகவே, பெட்டி வாங்கும்பொழுதே அதற்குரிய பதிவு நிறையை ஆராய்ந்து தெரிவு செய்தல் வேண்டும். அதனைச் செய்யும் முறையைக் கமக்காரர் யாவரும் அறியுமாறு இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

அறிய வேண்டிய மூன்று நிறைகள்

உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் வருவன. பதிவுச் சான்றிதழில் இரு நிறைகள் குறிக்கப்படும். ஒன்று வெறு நிறை. அஃதாவது பாரம் யாதுமின்றிப் பெட்டி மட்டும் நிற்கும் நிறை. மற்றையது மொத்த நிறை. அஃதாவது பெட்டியும் பாரமும் சேர்ந்து மிஞ்சலாகாத நிறை. பதிவு நிறை என்று இங்கு நாம் கூறுவது இம்மொத்த நிறையையே ஆகும்.

மூன்றாவது நிறை சான்றிதழில் எழுதப்பட்டிராது. மொத்த நிறையிலிருந்து வெறு நிறையைக் கழித்தால் வருவதே ஏற்றத்தகும் பாரமாகும். உதாரணமாக, ஒரு பெட்டியின் மொத்த நிறை 4000 கிலோ எனவும், வெறு நிறை 1100 கிலோ எனவும் கொள்வோம். அதில் ஏற்றத்தகும் பாரம் 2900 கிலோவாகும். நாலாயிரம் எனச் சான்றிதழில் கண்டு நாலாயிரம் கிலோ நெல்லை ஏற்றுபவர், 1100 கிலோவை அளவுக்கு மேல் ஏற்றியவராவார். இது பலரிடத்தும் காணப்படும் பிழையாகும்.

2900 கிலோ என்பது எத்தனை மூடை? மூடையொன்று 65 கிலோ நிறுக்குமாயின் 44 மூடைகளை ஏற்றலாம். ஆனால் அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல் காய்ந்த நெல் அன்று. விற்பனைக்குரிய 14 வீத ஈரத்தில் 1000 கிலோ நிறுக்கும் நெல், 22 வீத ஈரத்தில் 1100 கிலோவுக்குச் சற்று மேல் நிறுக்கும். அதே சாக்கில் அள்ளிக் கட்டிய பச்சை நெல் மூடை 75 கிலோ வரை நிற்பின், 38 மூடைகளுக்கு மேல் ஏற்றலாகாது. மூடைகளின் தொகையை மட்டும் எண்ணி, அவற்றின் ஈரத்தை எண்ணாதவர் ஏமாறுவர்.

கொள்ளளவு வேறு, தாங்களவு வேறு

பெட்டியின் பலகை மட்டத்துக்கு நிரப்பினால் அளவு சரியாயிருக்கும் எனச் சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 20 அங்குல உயரமும் உடைய பெட்டி 100 கன அடி கொள்ளும். மணல் வியாபாரத்தில் ஒரு கியூப் என்று வழங்குவது இவ்வளவையே. இப்பெட்டியை மட்டமாக நிரப்பினால் ஒவ்வொரு பொருளும் ஏறக்குறைய எவ்வளவு நிறுக்கும் என்பதைக் கீழே காண்க:

காய்ந்த நெல் – 1600 கிலோ
ஈரச் சாணவெரு – 2000 முதல் 2500 கிலோ வரை
தண்ணீர் – 2830 கிலோ
உடைகல் – 4200 கிலோ
ஈர மணல் – 4500 கிலோ அல்லது அதற்கு மேல்

மேற்கூறிய 4000 கிலோப் பெட்டியில் நெல்லைக் குவித்தும் ஏற்றலாம், அளவு மிஞ்சாது. அதே பெட்டியில் ஈர மணலை முக்காற் பங்கு நிரப்பினாலே அளவு மிஞ்சிவிடும். அறுவடை முடிந்தபின் மணலும் கல்லும் ஏற்றி வாடகைக்கு ஓடும் கமக்காரர் இதனை ஆழ்ந்து கவனித்தல் வேண்டும். தண்ணீர்த் தாங்கியைப் பெட்டியில் ஏற்றிப் பயிருக்கு நீர் கொண்டு செல்வோர், அதனை முழுவதும் நிரப்பியோ முழுவதும் வெறுமையாகவோ கொண்டு செல்லல் நன்று. அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் நீர் முன்னும் பின்னும் மோதி, வண்டியை அலைக்கும்.

மிகக் குறைந்த அளவே உண்மையான அளவு

பெட்டியின் தாங்கும் வலு ஒரு பாகத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. சட்டம், அச்சு, ரயர், கொழுவும் ஆணி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுண்டு. இவற்றுள் எதன் அளவு மிகக் குறைந்ததோ, அதுவே பெட்டி முழுவதற்கும் அளவாகும். சங்கிலியின் வலு அதன் மெலிந்த வளையத்தின் வலுவே அன்றோ?

ரயரை உதாரணமாகக் கொள்வோம். ரயரின் பக்கத்தில் அதன் பருமனைக் காட்டும் இலக்கங்களுக்கு அருகே, அது தாங்கும் பாரத்தைக் குறிக்கும் இலக்கமொன்று பொறிக்கப்பட்டிருக்கும். அவ்விலக்கம் 121 ஆயின் ஒரு ரயர் 1450 கிலோவும், 128 ஆயின் 1800 கிலோவும் தாங்கும். நமது பெட்டியின் இரு சில்லுகளும் சேர்ந்து 3500 கிலோவைத் தாங்க வேண்டியிருப்பின், ஒவ்வொன்றின் மீதும் 1750 கிலோ விழும். 121 இலக்க ரயர்கள் இரண்டும் சேர்ந்து 2900 கிலோவையே தாங்கும். ஆதலால் அவை இதற்குப் போதா. சான்றிதழில் எந்நிறை எழுதப்பட்டிருப்பினும், லொறியிலிருந்து கழற்றிய தேய்ந்த ரயர்களை மாட்டியவுடன் பெட்டியின் வலு அந்த ரயர்களின் வலுவாகக் குறைந்துவிடும். குறித்த அளவு காற்று இல்லாவிடின் மேலும் குறையும்.

இவ்வாறே, பக்கப் பலகைகளை உயர்த்துவதால் பெட்டியின் தாங்களவு உயர்வதில்லை. உண்மையில் அது தாழ்கின்றது. இரும்புத் தகடும் குறுக்குச் சட்டமும் சேர்த்து 150 கிலோ கூடிற்றாயின், வெறு நிறை 1250 கிலோவாகும்; ஏற்றத்தகும் பாரம் 2750 கிலோவாகக் குறையும். இத்தகைய மாற்றங்களைச் செய்தால் நிறையை மறுபடியும் பார்த்து, பதிவிலும் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

கொழுவியின்மேல் விழும் பாரம்

இரு சில்லுள்ள பெட்டியின் நிறை முழுவதும் அதன் சில்லுகளின்மேல் நிற்பதில்லை. ஒரு பகுதி இழுதண்டின் வழியாக உழவு இயந்திரத்தின் கொழுவியின்மேல் விழுகின்றது. பெட்டியின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரை இவ்வாறு விழுமாறு ஏற்றுதல் நன்று. 4000 கிலோப் பெட்டியில் 500 கிலோ கொழுவியிலும், மிகுதி 3500 கிலோ சில்லுகளிலும் நிற்கும்.

கொழுவி பின்னச்சுக்குப் பின்னே இருப்பதால், அதன்மேல் விழும் பாரம் இயந்திரத்தின் பின்புறத்தை அமுக்கி முன்புறத்தைத் தூக்க முயலும். 2000 கிலோ நிறையுள்ள இயந்திரமொன்றில் முன்சில்லுகளின்மேல் 700 கிலோவும், பின்சில்லுகளின்மேல் 1300 கிலோவும் நிற்பதாகக் கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 190 சதமமீற்றரும், பின்னச்சுக்கும் கொழுவிக்கும் இடையே 60 சதமமீற்றரும் இருப்பின், கொழுவியில் விழும் 500 கிலோ முன்சில்லுகளிலிருந்து ஏறக்குறைய 160 கிலோவைக் குறைக்கும். முன்சில்லுகளில் எஞ்சுவது 540 கிலோ. இது போதுமானது, ஏனெனில் இயந்திரம் தாங்கும் நிறையில் ஐந்தில் ஒரு பங்காயினும் முன்சில்லுகளின்மேல் இருத்தல் வேண்டும் என்பது பொது விதி.

மூடைகளைப் பெட்டியின் முன்புறத்தே அடுக்கி, கொழுவியில் 1000 கிலோ விழச் செய்தால் முன்சில்லுகளில் 380 கிலோவே எஞ்சும். அப்பொழுது மேட்டில் ஏறுகையில் முன்சில்லுகள் நிலத்தை விட்டு எழும். கைச்சில்லைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மூடைகளைப் பின்புறத்தே மிகுதியாக அடுக்கினாலோ, இழுதண்டு மேலே எழுந்து பின்சில்லுகளின் பிடியைக் குறைக்கும். ஆதலால் பாரத்தைச் சில்லுகளுக்கு நேர்மேலாகவும், சற்று முன்புறம் மிகுந்ததாகவும் பரப்பி அடுக்குக.

பெட்டியை எக்காரணத்தாலும் தாழ்ந்த இழுசட்டத்தை விட்டு உயர்ந்த இடத்திற் கொழுவலாகாது. பின்னச்சுக்கு மேலே கொழுவி இழுத்தால் இயந்திரம் பின்புறமாகக் குடைசாய்ந்து, ஓட்டுநரை நசுக்கிவிடும்.

இழுக்கும் வலுவும் நிறுத்தும் வலுவும்

பெட்டியைத் தெரிவு செய்பவர் பெரும்பாலும், “என் இயந்திரம் எவ்வளவு இழுக்கும்?” என்றே கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்வி, “என் இயந்திரம் எவ்வளவை நிறுத்தும்?” என்பதேயாகும்.

பெரும்பாலான நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் பிறேக் பின்சில்லுகளுக்கு மட்டுமே உண்டு. பெட்டிக்குத் தனியாகப் பிறேக் இல்லாவிடின், இயந்திரத்தையும் பெட்டியையும் பாரத்தையும் அவ்விரு சில்லுகளே நிறுத்துதல் வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் அவற்றின்மேல் நிற்பது 1300, 500, 160 ஆகியவை சேர்ந்த 1960 கிலோ. ஆனால் நிறுத்தப்பட வேண்டியதோ இயந்திரமும் பெட்டியும் சேர்ந்த 6000 கிலோ. காய்ந்த தார் வீதியில் ரயரின் பிடி அதன்மேல் நிற்கும் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் தனியே ஓடும் இயந்திரம், பிறேக்கை மிதித்தபின் 4 மீற்றரில் நிற்கும். பெட்டியுடன் ஓடும்பொழுது 8 மீற்றர் செல்லும். பத்தடி செல்ல ஓரடி தாழும் இறக்கத்தில் 16 மீற்றர் செல்லும். வேகம் இருமடங்காயின் இத்தூரங்கள் நான்கு மடங்காகும்.

மழையில் நனைந்த கிறவல் வீதியில் நிலைமை இன்னும் கடினமானது. அங்கு ரயரின் பிடி பாரத்தில் ஏறக்குறைய நூற்றில் 35 பங்களவே. 1960 கிலோ நிற்கும் பின்சில்லுகள் 690 கிலோ அளவான வலுவோடு மட்டுமே பிடிக்கும். மேற்கூறிய இறக்கத்தில் 6000 கிலோ வண்டியைக் கீழ்நோக்கித் தள்ளும் வலுவோ 600 கிலோ. எஞ்சுவது 90 கிலோவே. இந்நிலையில் பெட்டியின் சில்லுகளுக்கு நேர்மேலே இன்னும் 1000 கிலோ ஏற்றினால், தள்ளும் வலு 700 கிலோவாகும். பிடிக்கும் வலு 690 கிலோவாகவே நிற்கும். அதன்பின் பிறேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நில்லாது. சில்லுகள் பூட்டிக்கொண்டு சறுக்கும், பெட்டி இயந்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கும். பதினைந்து மூடைகள் கூடியதால் நேர்ந்த வேறுபாடு இது.

நான்கு சில்லுப் பெட்டியானால் கொழுவியின்மேல் பாரம் விழுவதில்லை. ஆகவே இயந்திரத்தின் பின்சில்லுகளுக்குக் கூடுதற் பிடியும் கிடைப்பதில்லை. அங்கு பிடிக்கும் வலு 455 கிலோவே. தள்ளும் வலு 600 கிலோ. எனவே நான்கு சில்லுப் பெட்டிக்குத் தனிப் பிறேக் இன்றியமையாதது. இரு சில்லுப் பெட்டி வாங்குவோரும் பிறேக் உள்ளதையே வாங்குதல் நன்று.

இறக்கத்துக்கு வருமுன்னரே தாழ்ந்த கியரில் இடுதல் வேண்டும். இறங்கும்பொழுது கியரை மாற்றுதலும், கிளச்சை மிதித்து வண்டியை உருளவிடுதலும் உயிருக்கே ஆபத்தாகும். வீதியில் ஓடும்பொழுது வலப் பிறேக்கையும் இடப் பிறேக்கையும் இணைக்கும் கொளுக்கியைப் பூட்டியே ஓட்டுக.

எந்நிறையுள்ள பெட்டியைத் தெரிவு செய்யலாம்?

முதலில், உமது வேலைக்கு எவ்வளவு பாரம் தேவை எனக் கணக்கிடுக. ஐந்து ஏக்கர் வயலில் ஏக்கருக்கு 80 புசல் விளைந்தால் 400 புசல் கிடைக்கும். புசல் 21 கிலோ வீதம் அது 8400 கிலோவாகும். 2900 கிலோ ஏற்றும் பெட்டியில் இதனை மூன்று நடையில் கொண்டு சேர்க்கலாம். இரண்டு நடையில் முடிக்க விரும்பினால் நடைக்கு 4200 கிலோ ஏற்றுதல் வேண்டும். அவ்வளவைத் தாங்கும் பெட்டி தானே 1400 கிலோ நிறுக்குமாயின், மொத்த நிறை 5600 கிலோவாகும். உமது 2000 கிலோ இயந்திரத்தோடு சேர்ந்து அது 7600 கிலோ; மேற்கூறிய இறக்கத்தில் தள்ளும் வலு 760 கிலோ. ஒரு நடைக்குரிய எண்ணெய்ச் செலவும் ஒரு மணி நேரமும் மிச்சமாகும் என்பது உண்மையே. எனினும் அப்பெட்டியை நிறுத்துவதற்கு உமது இயந்திரம் போதாது.

இரண்டாவதாக, இயந்திரத்துடன் கிடைத்த கைந்நூலில் உற்பத்தியாளர் குறித்துள்ள இழுநிறையைப் பார்க்க. பிறேக் உள்ள பெட்டிக்கு ஓர் அளவும், பிறேக் இல்லாத பெட்டிக்கு அதனிலும் குறைந்த ஓர் அளவும் அதில் இருக்கலாம். கொழுவியில் விழத்தகும் நிறையும் குறிக்கப்பட்டிருக்கும். பெட்டியின் மொத்த நிறை இவ்வளவுகளுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, நீர் வழக்கமாகச் செல்லும் வழியில் மிகச் செங்குத்தான இறக்கத்தையும், மிக மோசமான வீதியையும் நினைவிற் கொள்க. சமதரையில் மட்டும் ஓடும் கமக்காரருக்குத் தக்க நிறை, மலைச்சரிவில் மரக்கறி ஏற்றுபவருக்குத் தக்கதாகாது.

இம்மூன்றினாலும் பெறப்படும் அளவுகளுள் மிகக் குறைந்ததையே தெரிவு செய்க. மிகத் தாழ்ந்த பதிவு நிறையைத் தெரிவு செய்தவர் ஒவ்வொரு போகத்திலும் அளவை மீறுவதற்குத் தூண்டப்படுவார். சட்டத்தின்முன் குற்றவாளியாவதோடு, விபத்து நேருமிடத்துக் காப்புறுதிப் பணத்தைப் பெறுவதிலும் இடர்ப்படலாம். தேவைக்கு மிக உயர்ந்ததைத் தெரிவு செய்தவரோ, வெறும் இரும்பை வருடம் முழுவதும் இழுத்து எண்ணெயை வீணாக்குவார். அன்றியும், பார மிகுந்த அச்சு ஈர வயலினுள் இறங்கினால் கீழ்மண் இறுகிவிடும். அவ்விறுக்கத்தை மேலோட்டமான உழவு நீக்காது. ஆதலால் பாரம் ஏற்றிய பெட்டியை வயலோரத்திலேயே நிறுத்துக.

இரு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு

லான்ட்மாஸ்டர் என்று மக்கள் வழங்கும் இரு சில்லு உழவு இயந்திரம் பாரத்திற் குறைந்தது. ஆதலால் அதன் பின்னே வரும் பெட்டி அதனினும் பன்மடங்கு பாரமாயிருக்கும். இதற்குரிய பெட்டியில் கால்மிதிப் பிறேக் உண்டு. அதுவே வண்டியை நிறுத்தும் முதன்மையான கருவியாதலால், ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் அதனைச் சோதித்தல் வேண்டும்.

இவ்வியந்திரத்தில் இன்னுமோர் இயல்பைப் புதியவர்கள் கட்டாயம் அறிதல் வேண்டும். சமதரையில் இடக் கைப்பிடியிலுள்ள கிளச்சைப் பிடித்தால், இடச் சில்லு வலுவிழந்து இயந்திரம் இடப்புறம் திரும்பும். இறக்கத்தில் பாரப் பெட்டி பின்னிருந்து தள்ளும்பொழுதோ, கிளச்சுப் பிடித்த இடச் சில்லு தடையின்றி விரைந்து உருளும்; வலச் சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். ஆதலால் இயந்திரம் வலப்புறமே திரும்பும். பெட்டியின் பாரம் மிகுந்த அளவுக்கு இத்திருப்பமும் கடுமையாகும். இறக்கத்தில் இக்கிளச்சுகளைத் தொடாது, கைப்பிடியைத் தள்ளியே திருப்புக.

நிறையைச் சோதித்தறியும் முறை

பெரிய நெல் ஆலைகளில் லொறிகளை நிறுக்கும் தராசு உண்டு. பாரம் ஏற்றிய பெட்டியை இயந்திரத்தோடு அதில் ஏற்றி நிறை பார்க்க. பின்னர் இயந்திரத்தை மட்டும் நிறுத்து, அந்நிறையைக் கழிக்க. எஞ்சுவது பெட்டியின் மொத்த நிறை. பெட்டி கொழுவியிருக்கும்பொழுதே அதன் சில்லுகளை மட்டும் தராசில் நிற்கச் செய்து வரும் நிறையை மொத்த நிறையிலிருந்து கழித்தால், கொழுவியில் விழும் பாரம் தெரியும். நெல்லுக்கு ஒருமுறையும், எருவுக்கு ஒருமுறையும், மணலுக்கு ஒருமுறையும் இவ்வாறு பார்த்து, அளவு நிறையும் உயரத்தைப் பெட்டியின் உட்பலகையில் வண்ணக் கோடாகத் தீட்டி வைத்தால், பின்னர் கூலியாட்களும் அக்கோட்டைக் கண்டே அளவாக ஏற்றுவர்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. பதிவுச் சான்றிதழிலுள்ள மொத்த நிறையிலிருந்து வெறு நிறையைக் கழித்து வருவதே ஏற்றத்தகும் பாரம்.
2. பச்சை நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே அளவாக எண்ணற்க.
3. ரயர், அச்சு, கொழுவி, பிறேக் ஆகியவற்றுள் மிக மெலிந்ததன் அளவே பெட்டியின் அளவு.
4. இழுக்கும் வலுவைக் கொண்டன்றி, நிறுத்தும் வலுவைக் கொண்டே பெட்டியைத் தெரிவு செய்க.
5. பாரத்தின்மேல் ஆட்களை ஏற்றற்க.
6. உரிய வகுப்பு அனுமதிப்பத்திரம் உள்ளவரே ஓட்டுதல் வேண்டும்.

பெட்டி வாங்க எண்ணியிருப்போர், முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே இயந்திரத்தின் கைந்நூலுடனும் பதிவுச் சான்றிதழுடனும் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறலாம். ஒரு போகத்தின் விளைச்சலை இழந்தால் அடுத்த போகத்தில் அதனை ஈடுசெய்ய முடியும். சரிவில் இழந்த உயிரை எப்போகத்திலும் ஈடுசெய்ய முடியாது. ஆகவே, மூன்றாம் நடையைச் சுமையென எண்ணாது, அளவோடு ஏற்றிச் செல்வீர்களாக.